மரம் என்றொரு குறை

கி.மு. 70ஆம் ஆண்டில் உரோம் நகரில் பெரும் வழக்கொன்று நடந்தது. சிசிலித் தீவின் ஆளுநனாக இருந்து அத்தீவையே சூறையாடியவன் என்று குற்றஞ்சாட்டப்பட்ட வெர்ரெஸ் என்பவனுக்கு எதிராக வாதாட முன்வந்தவர் சிசெரோ. அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு. முதற்கட்ட விசாரணையிலேயே வெர்ரெஸ் நகரைவிட்டு வெளியேறிவிட்டான். எனவே மன்றத்தில் பேசப்படாமலேயே எழுதி வெளியிடப்பட்ட உரைகளில், அவன் பிறரிடமிருந்து பறித்த கலைப்பொருள்களைச் சிசெரோ ஒவ்வொன்றாக அடுக்கிக் காட்டுகிறார். சிலைகள், வெள்ளிக் கலங்கள், திரைச்சீலைகள் என நீளும் அவ்வரிசையில் ஒரு மேசையும் இடம்பெறுகிறது. லிலிபேயம் என்னும் ஊரில் தியோதோருஸ் என்பவரிடமிருந்து கவரப்பட்ட மேசை அது. தங்கமோ தந்தமோ பதித்ததற்காக அது குறிக்கப்படவில்லை. 'சிட்ரஸ்' என்னும் மரத்தால் ஆனது என்பதே அதன் சிறப்பு.

அதே சிசெரோ தமக்கென ஒரு சிட்ரஸ் மேசையை ஐந்து இலட்சம் செஸ்டெர்ஸ் கொடுத்து வாங்கியவர் என்பதை மூத்த பிளினியின் 'இயற்கை வரலாறு' நமக்குச் சொல்கிறது. தம் காலத்திலும் அம்மேசை அழியாமல் இருந்ததாகப் பிளினி எழுதுகிறார். இத்தொகையின் அளவை உணர ஓர் ஒப்பீடு உதவும். அகஸ்டஸ் காலத்துக் காலாட்படை வீரன் ஒருவனின் ஆண்டு ஊதியம் 900 செஸ்டெர்ஸ். ஐந்நூற்றைம்பது வீரர்களின் ஓராண்டு ஊதியத்தை ஒரு மேசை விழுங்கியது எனலாம். அக்காலத்தில் 'குதிரை வீரர்' என்னும் செல்வர் வகுப்பில் இடம்பெற ஒருவருக்கு இருக்கவேண்டிய சொத்தே நான்கு இலட்சந்தான்.

இம்மேசைகளின் விலைக்குக் காரணம் என்ன? அவற்றை எப்படி அறுத்தார்கள்? அந்த அறுப்பில் யாருடைய அறிவு அடங்கியிருந்தது? இக்கட்டுரையில் நாம் காண முயல்வது இவற்றையே.

சிட்ரஸ் என்னும் மரம்

முதலில் ஒரு பெயர்க்குழப்பத்தை நீக்கிவிடுவோம். சிட்ரஸ் என்றவுடன் எலுமிச்சையும் நாரத்தையும் நம் நினைவுக்கு வருகின்றன. இலத்தீன் மொழியில் அச்சொல் இரண்டு மரங்களுக்கு வழங்கியது. ஒன்று நாரத்தை இனத்துக் கனிமரம். மற்றொன்று வட ஆப்பிரிக்காவின் அட்லஸ் மலைச்சரிவுகளில் வளரும், சைப்ரஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஊசியிலை மரம். இன்றைய தாவரவியலில் அதன் பெயர் டெட்ராக்ளினிஸ் ஆர்ட்டிகுலேட்டா. மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா ஆகிய நாடுகளில் மிகுதியாகவும், மால்டாவிலும் ஸ்பெயினின் கார்த்தஹேனாப் பகுதியிலும் சிறு அளவிலும் அது வளர்கிறது. வணிகர்கள் அதைத் தூயா என்பர். மெருகெண்ணெய்களில் பயன்படும் சாண்டராக் என்னும் பிசினைத் தருவதும் இம்மரமே.

கிரேக்கர்கள் இதனைத் 'தியோன்' என்றனர். அரிஸ்டாட்டிலின் மாணவரான தியோபிராஸ்டஸ், தம் தாவர ஆய்வு நூலில் சிரேனைப் பகுதியில் வளரும் இம்மரத்தின் வேர்ப்பகுதி மிகவும் சுருண்ட இழையுடையது என்றும், உயர்ந்த வேலைப்பாடுகள் அதிலிருந்தே செய்யப்பட்டன என்றும் குறிப்பிட்டுள்ளார். ஆக, கி.மு. 300ஐ ஒட்டிய காலத்திலேயே மரத்தின் தண்டைவிட அதன் அடிப்பகுதிக்கே மதிப்பு என்பது தெரிந்திருந்தது. புதிய ஏற்பாட்டின் வெளிப்படுத்தின விசேஷம் 18ஆம் அதிகாரத்தில், பாபிலோன் நகரின் வீழ்ச்சிக்காக அழும் வணிகர்களின் சரக்குப் பட்டியலிலும் இம்மரம் வருகிறது. தமிழ் விவிலியத்தில் அது வாசனைக் கட்டை என்று பெயர்க்கப்பட்டிருப்பதால், அது மேசைக்கான மரம் என்பது நம் வாசகர்களுக்கு எளிதில் புலப்படுவதில்லை.

மேசைக்குரிய பகுதி எது என்பதைப் பிளினி ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகிறார். அது வேரில் உண்டாகும் கழலை. முழுவதும் மண்ணுக்குள் புதைந்திருக்கும் கழலையே உயர்ந்தது. மண்ணுக்கு மேல் தண்டிலும் கிளையிலும் தோன்றுவது அதற்கு அடுத்தது. இவ்வளவு விலை கொடுத்து வாங்கப்படுவது உண்மையில் மரத்தின் ஒரு நோய்க்குறையே என்று அவர் சற்றுக் கசப்போடு சேர்த்துக்கொள்கிறார். நம் தச்சர்கள் 'முண்டு', 'முடிச்சு' என்று சொல்லி ஒதுக்கிவிடும் பகுதிதான் உரோமில் பண்ணையின் விலைக்குப் போயிற்று.

விலையின் வரலாறு

பிளினி தரும் விலைப்பட்டியல் படிப்படியாக ஏறுகிறது. அசினியுஸ் கல்லுஸ் வாங்கிய மேசை பத்து இலட்சம் செஸ்டெர்ஸ். அகஸ்டஸ் விதித்தபடி செனட் அவையில் அமர ஒருவருக்கு வேண்டிய சொத்தின் அளவும் அதுவே. மௌரெத்தானிய அரசன் யூபாவுக்கு உரியனவாக இருந்த இரண்டு மேசைகள் ஏலத்துக்கு வந்தபோது ஒன்று பன்னிரண்டு இலட்சத்துக்கும் மற்றொன்று அதற்குச் சற்றுக் குறைவாகவும் விலைபோயின. கெத்தேகுஸ் குடும்பத்தின் வழிவந்த ஒரு மேசை பதின்மூன்று இலட்சத்துக்குக் கைமாறியது. அது பின்னர்த் தீயில் அழிந்துபோயிற்று. அந்தத் தொகைக்கு ஒரு பெரிய நிலப்பண்ணையே வாங்கலாம் என்று பிளினி வியக்கிறார். அறிஞரும் எளிமையைப் போதித்தவருமான செனெக்காவிடம் தந்தக் கால்களையுடைய ஐந்நூறு சிட்ரஸ் மேசைகள் இருந்தன என்று வரலாற்றாசிரியர் காஸ்ஸியுஸ் தியோ பதிவு செய்திருக்கிறார்.

இந்த மோகத்துக்கு ஒரு வேடிக்கையான பக்கமும் உண்டு. முத்துக்காகப் பணத்தை வாரியிறைக்கிறீர்கள் என்று கணவர்கள் குறைசொன்னால், மேசைக்காக நீங்கள் செய்யும் செலவு என்னவாம் என்று மனைவியர் திருப்பிக் கேட்டார்களாம். அந்த முத்துகளுள் ஒரு பகுதி நம் தென்கடலிலிருந்து சென்றது. கொற்கைத் துறை முத்தும் அட்லஸ் மலைக் கழலையும் உரோம வீடொன்றின் குடும்பச் சண்டையில் எதிரெதிர்த் தட்டுகளில் வைக்கப்பட்டன என்று எண்ணும்போது, தொலைவு என்பது வணிகத்துக்கு எவ்வளவு சிறியது என்று தோன்றுகிறது.

புலியும் சிறுத்தையும்

மேசையின் அழகை உரோமர்கள் எவ்வாறு வகைப்படுத்தினர் என்பதே நம் பொருளுக்கு இன்றியமையாத செய்தி. ரேகைகள் நீளவாக்கில் ஓடினால் அது 'புலி மேசை'. ரேகைகள் சுழித்துச் சுழித்து வந்தால் அது 'சிறுத்தை மேசை'. அலையலையாக நெளியும் ரேகைகளையுடைய வகையும் உண்டு. அந்நெளிவு மயில்தோகையின் கண்களைப் போல அமைந்தால் மதிப்பு இன்னும் கூடும். தானியத்தைக் குவித்ததுபோல் நெருக்கமான புள்ளிகளையுடையது இவற்றுக்கு அடுத்த நிலை. எல்லாவற்றுக்கும் மேலாக நிறம். தேன் கலந்த திராட்சை மதுவின் நிறத்தில், ரேகைகள் ஒளிரும்படி இருக்கவேண்டும். அளவு என்பது இவற்றுக்கெல்லாம் பின்னரே எண்ணப்பட்டது.

குறைகளின் பட்டியலும் இருந்தது. வெடிப்பு, வெடிப்பைப் போலத் தோன்றும் மயிரிழைக் கோடு, குறுக்கே ஓடும் கருவரி, நிறம் மாறிய திட்டு ஆகியவை அதில் அடங்கும். ஆனால் அப்பட்டியலின் முதற்குறைதான் நம்மைத் திகைக்க வைக்கிறது. சுழியும் கண்ணுமின்றி, உயிர்ப்பில்லாத வெறும் பரப்பாக இருக்கும் பகுதிக்கு அவர்கள் வைத்த பெயர் 'லிக்னும்'. அச்சொல்லின் பொருள் 'மரம்' என்பதே. மரத்தாலான மேசையில் மரம் தெரிவது குறை! மரம் என்னும் பொருளை வெறும் கருவியாக்கி, அதன்மேல் தோன்றும் சித்திரத்தை மட்டுமே விலைபேசிய ஒரு நாகரிகத்தின் மனநிலையை இந்த ஒற்றைச் சொல்லைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை என்பது நம் எண்ணம். தொல்காப்பிய மரபியல் மரத்தை அதன் உள்வயிரத்தால் இலக்கணப்படுத்தியது. அகத்தே காழ் உடையது மரம், புறத்தே காழ் உடையது புல் என்பது அந்நூலின் பகுப்பு. அங்கே உள்ளுறுதி இலக்கணம். இங்கே அதே மரத்தன்மை குற்றம்.

கழலைக்குள் என்ன இருக்கிறது?

புலியும் சிறுத்தையும் வேறுவேறு மரங்கள் அல்ல என்பதை உணர வேண்டுமானால் கழலையின் உள்ளமைப்பை அறியவேண்டும். சாதாரணத் தண்டில் இழைகள் மேல்நோக்கி ஒழுங்காகச் செல்கின்றன. அடிபட்டோ, தீயில் கருகியோ, திரும்பத் திரும்ப வெட்டப்பட்டோ, பிறவியிலேயே அமைந்த இயல்பாலோ மரத்தின் ஓரிடத்தில் மொட்டுகள் நூற்றுக்கணக்கில் தோன்றித் துளிர்க்காமல் தங்கிவிடுவதுண்டு. மரம் ஆண்டுதோறும் பருக்கப் பருக்க, இம்மொட்டுகள் ஒவ்வொன்றும் தன் பின்னே ஓர் ஊசி போன்ற தடத்தை விட்டுக்கொண்டே வெளிநோக்கி நகர்கிறது. சுற்றியுள்ள இழைகள் ஆற்று நீர் பாறையைச் சுற்றி ஓடுவதுபோல அத்தடங்களைச் சுற்றி வளைகின்றன. இப்படி உருவாகும் புடைப்பே கழலை.

ஓர் ஈர்க்குமாற்றை நினைத்துக்கொள்வோம். அதைக் குறுக்கே வெட்டினால் வெட்டுமுகத்தில் நெருக்கமான புள்ளிகள் தெரியும். நீளவாக்கில் பிளந்தால் கோடுகள் மட்டுமே தெரியும். கழலையும் அவ்வாறே. மொட்டுத் தடங்களுக்குக் குறுக்காக ரம்பம் செல்லும்போது ஒவ்வொரு தடமும் வளையம் சூழ்ந்த ஒரு கண்ணாகத் தோன்றுகிறது. தடங்களின் போக்கிலேயே ரம்பம் செல்லும்போது அதே மொட்டுகள் நீண்ட வரிகளாகவும் முட்களாகவும் தெரிகின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட சாய்வில் அறுத்தால் கண்கள் நீண்டு மீன்வடிவாகும். கரும்பிலும் உருளைக்கிழங்கிலும் முளைக்கும் இடத்தைக் 'கண்' என்று நம் உழவர்கள் சொல்வதை இங்கு நினைக்கலாம். மரத்தின் கண்ணும் முளைக்கும் இடந்தான்.

இதிலிருந்து அறுப்பின் முதல் விதி பெறப்படுகிறது. தண்டின் பக்கத்தில் புடைத்த கழலையில் மொட்டுத் தடங்கள் தண்டின் நடுவிலிருந்து வெளிநோக்கிச் செல்கின்றன. ஆதலால் தண்டின் பரப்புக்கு இணையாகத் துண்டு துண்டாக அறுத்தால் கண்கள் கிடைக்கும். நடுவை நோக்கி அறுத்தால் வரிகள் கிடைக்கும். பறவைக்கண் மேப்பிள் எனப்படும் வட அமெரிக்க மரத்திலும் இதே விதிதான். பரப்புக்கு இணையாகச் சீவினால் சிறுகண்கள் நிறைந்த பலகை. நடுவை நோக்கி அறுத்தால் ஆங்காங்கே கீறல்கள் தெரியும் சாதாரணப் பலகை. ஓக் மரத்தில் இது தலைகீழ். அதன் அழகு மொட்டுகளில் இல்லை, நடுவிலிருந்து கதிராகப் பரவும் பட்டைகளில் இருக்கிறது. எனவே அதை நடுவை நோக்கி அறுத்தால்தான் வெள்ளிப் பட்டைகள் வெளிப்படும். கவைக்கிளையாயின், இரண்டு கிளைகளும் ஒரே தளத்தில் அமையும்படி நடுவே பிளந்தால் இறகு போன்ற சித்திரம் தோன்றும். ஆக, எல்லா மரத்துக்கும் பொதுவான நல்ல அறுப்பு என்று ஒன்றில்லை. சித்திரத்தை உண்டாக்கிய உறுப்பு எத்திசையில் கிடக்கிறது என்று அறிந்து, அதற்குக் குறுக்காகவோ இணையாகவோ செல்வதே கலை.

பிளினி கூறிய புலியையும் சிறுத்தையையும் இவ்வறிவோடு மீண்டும் நோக்கினால், நீள்வரியும் சுழியும் பெரும்பாலும் அறுப்பின் திசையால் வந்த வேறுபாடுகளே என்று கொள்ள இடமிருக்கிறது. ஒரே கழலையில் இரண்டும் உறங்கிக் கிடந்திருக்கும். எது வெளிவரவேண்டும் என்பதை ரம்பம் பிடித்தவனின் கை தீர்மானித்தது.

முதல் வெட்டு

அந்தத் தீர்மானம் எளிதன்று. கழலையை வாங்குபவன் அதன் உள்ளே இருப்பதைக் காணமுடியாது. பட்டையை உரித்துப் பார்த்தால் வெளிப்பரப்பில் சிறு முட்கள் அடர்ந்திருக்கும் இடத்தில் கண்கள் மிகுதி என்று ஊகிக்கலாம். ஒரு மூலையைச் சீவி, நீர் தெளித்துப் பார்த்தால் நிறம் தெரியும். அதற்கு மேல் அறிய வழியில்லை, அறுத்தாகவேண்டும். உள்ளே பட்டை புதைந்த பொந்து இருக்கலாம், உளுத்துப்போன பகுதி இருக்கலாம், வேர்க்கழலையாயின் வளரும்போதே விழுங்கிய கல் இருந்து ரம்பத்தின் பல்லை முறிக்கலாம்.

அதோடு இரண்டு ஆசைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. மேசை பெரிதாக வேண்டும் என்பது ஓர் ஆசை. சித்திரம் சிறப்பாக வேண்டும் என்பது மற்றோர் ஆசை. மிக அகன்ற முகம் கிடைக்கும் திசையும் மிக அழகிய கண்கள் தெரியும் திசையும் ஒன்றாக அமைவது அரிது. அகலத்துக்காக ஒரு திசையில் அறுத்தபின் அழகுக்காக மற்றொரு திசையில் அறுக்க மரம் மிஞ்சியிராது. முதல் வெட்டு திருத்தமுடியாத ஒரு வாக்கியம் போன்றது. அதற்குப் பின் வரும் எல்லா வாக்கியங்களும் அதையே பின்பற்றவேண்டும்.

இந்த மோதலுக்கு உரோமர் கண்ட விடைகளைப் பிளினி காட்டும் மூன்று மேசைகள் விளக்குகின்றன. மௌரெத்தானிய அரசன் தாலமி செய்வித்தது நாலரை உரோம அடி குறுக்களவு, அதாவது 133 சென்டிமீட்டர். ஆனால் அது இரண்டு அரைவட்டங்களை இணைத்தது. இணைப்பு கண்ணுக்குத் தெரியாததால், ஒரே துண்டாக இருந்திருந்தால் இயற்கைக்குக் கிடைத்திருக்கும் புகழைவிடக் கலைக்குக் கிடைத்த புகழே பெரிது என்கிறார் பிளினி. இணைப்பை மறைக்க வேண்டுமானால் ஒரு பாதியின் ரேகை மறுபாதியில் தடையின்றித் தொடரவேண்டும். அறுக்கத் தொடங்கும்போதே இணைப்பைக் கருதியிருந்தால்தான் அது இயலும். இரண்டாவது, நோமியுஸ் என்னும் விடுதலை பெற்ற அடிமையின் பெயரால் அறியப்பட்ட மேசை. நான்கடிக்குச் சற்றே குறைவு, ஆனால் இணைப்பில்லாத ஒரே துண்டு. மூன்றாவது பேரரசன் திபேரியஸின் மேசை. நான்கடிக்கும் சற்று மேற்பட்டது; ஆனால் வேறு மரத்தின் மேல் சிட்ரஸ் மரத்தின் மெல்லிய தகடு ஒட்டப்பட்டது. அரசனிடம் தகடு, அவனுடைய பழைய அடிமையிடம் முழுக்கட்டை என்பதைப் பிளினி சுட்டிக்காட்டாமல் விடவில்லை.

நிழலை மட்டும் அறிந்தவர்களா?

அறுத்த பின்னும் வேலை முடிவதில்லை. கழலையின் இழைகள் எல்லாத் திசையிலும் ஓடுவதால் காயும்போது எல்லாத் திசையிலும் இழுபடுகிறது. விரைந்து காய்ந்தால் வெடித்துவிடும். ஈரப்பதம் மெல்ல வெளியேற வேண்டும். இன்றைய மரவேலைக்காரர்கள் வெட்டுமுகங்களில் மெழுகு பூசி மாதக்கணக்கில் நிழலில் அடுக்கி வைப்பது இதற்காகவே.

பிளினி கூறும் முறையும் இதுவே. அந்நாட்டு மக்கள் பச்சை மரத்தை மண்ணில் புதைத்து மெழுகு பூசுகிறார்கள். தொழிலாளர்கள் அதனைத் தானியக் குவியலுக்குள் ஏழு நாள் வைத்து, ஏழு நாள் இடைவெளி விட்டு மீண்டும் வைக்கிறார்கள். அதனால் எடை வியக்கத்தக்க அளவு குறைகிறது. தானியம் ஈரத்தை மெல்ல உறிஞ்சும் பொருள் என்பதை நினைத்தால் இம்முறையின் நுட்பம் விளங்கும். மேசையை உலர்ந்த கையால், குறிப்பாகக் குளித்து வந்த கையோடு, தேய்ப்பதே மெருகைக் காக்கும் என்றும் அவர் கூறுகிறார்.

இங்கே ஒரு முரண்பாட்டை நாம் கவனிக்கவேண்டும். பிளினியின் காலத்திலேயே வாழ்ந்த கவிஞர் லூக்கன், தம் போர்க்காப்பியத்தில், மௌரெத்தானிய மக்கள் சிட்ரஸ் மரத்தின் நிழலை மட்டுமே துய்த்து நிறைவுற்றவர்கள் என்றும், அறியாத அக்காட்டுக்குள் மேசைக்காகக் கோடரியுடன் நுழைந்தவர்கள் உரோமர்களே என்றும் பாடுகிறார். உரோமின் பேராசையைக் கண்டிக்கும் நல்ல நோக்கம் அதில் உண்டு. ஆனால் அக்கண்டனம் அம்மக்களைக் களங்கமற்ற அறியாமையில் நிறுத்திவிடுகிறது. பிளினியோ அவர்களை 'நாகரிகமற்றோர்' என்று குறித்துக்கொண்டே, மண்ணில் புதைப்பதும் மெழுகு பூசுவதும் அவர்களுடைய வழக்கம் என்று எழுதிவிடுகிறார். நிழலை மட்டும் அறிந்தவர்களுக்கு இந்த நுட்பம் எங்கிருந்து வந்தது? கழலையின் இயல்பை, அது வெடிக்கும் விதத்தை, அதைக் காக்கும் வழியைப் பல தலைமுறையாகக் கையாண்டு அறிந்தவர்களுக்கே அது கைவரும். இகழ்ந்தவரின் நூலில் அவர்களுடைய அறிவு பதிவாகியிருக்கிறது. இரங்கியவரின் காப்பியத்தில் அது மறைந்துபோயிற்று. மேசையை வைத்திருந்த பிரபுக்களின் பெயர்கள் நமக்குக் கிடைத்துள்ளன, ஏலத்தொகை கிடைத்திருக்கிறது. கழலையைத் தோண்டியவன், முதல் வெட்டின் திசையைத் தீர்மானித்தவன் ஆகியோரின் பெயர் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

தகடும் போலியும்

ஒரே மரத்தைப் பலமுறை விற்பதற்காகவே மரத்தகடு கண்டுபிடிக்கப்பட்டது என்று பிளினி தம் நூலின் பதினாறாம் பகுதியில் நொந்துகொள்கிறார். அவ்வாறு சீவுதற்குரிய மரங்களில் சிட்ரஸை முதலில் வைக்கிறார். மேப்பிள் மரத்தின் ஒருவகைக் கழலை மட்டும் மேசைக்குரிய அளவில் கிடைத்தால் சிட்ரஸையும் வென்றுவிடும் என்பது அவர் கருத்து. நீரோவின் ஆட்சியில் ஆமையோட்டுக்கு வண்ணம் பூசி மரம்போலக் காட்டி அதிக விலைக்கு விற்றார்கள் என்னும் செய்தியும் அங்கே வருகிறது. இன்று அச்சடித்த கழலைச் சித்திரத்தை மைக்காத் தகடாக மேசைமேல் ஒட்டும் நமக்கு இது புதிதன்று.

தகட்டுக் கலை பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மறுபிறப்பு எடுத்தது. ஜான் ஈவ்லின் 1664இல் வெளியிட்ட 'சில்வா' என்னும் மரநூலில், மேப்பிள் பற்றிய பகுதியில் இந்தப் பழைய உரோமக் கதைகளை மீண்டும் எடுத்துரைக்கிறார். அந்நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் தச்சர்கள் வால்நட் கழலையைத் தகடாக அறுத்து அலமாரிகளை மூடினர். கிளைகளைச் சாய்வாக வில்லை வில்லையாக அறுத்து, சிப்பி போன்ற வளையங்கள் தெரிய ஒட்டும் முறையும் அப்போது பரவியது. அடுத்தடுத்து அறுத்த இரண்டு தகடுகளின் ரேகைகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். அவற்றைப் புத்தகம் விரிப்பதுபோல விரித்து ஒட்டினால் இடப்பாதியும் வலப்பாதியும் கண்ணாடிப் பிம்பங்களாகும். நான்கு தகடுகளை இவ்வாறு சேர்த்தால் நடுவில் ஒரு பூவே மலர்ந்துவிடும். தாலமியின் அரைவட்டங்கள் தேடிய ஒற்றுமையை இம்முறை எளிதாக்கியது.

கையால் அறுக்கும் காலத்தில் தகடு எவ்வளவு மரத்தை எடுத்ததோ, ஏறத்தாழ அவ்வளவு மரம் தூளாகவும் போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்க் புரூனெல், இலண்டனின் பேட்டர்சீயில் பெரிய வட்ட ரம்பங்களால் தகடறுக்கும் ஆலையை நிறுவினார். 1814இல் அது தீக்கிரையாயிற்று. பின்னர் வந்த கத்திப் பொறிகள் மரத்தூளே இன்றி அரை மில்லிமீட்டர் அளவில் சீவக் கற்றன. அன்று ஒரு மேசையான கழலை இன்று நூறு மேசைகளின் முகமாகலாம்.

கிழக்கிலும் இம்மோகம் ஒரு மரத்தைக் கண்டடைந்தது. மொலுக்கத் தீவுகளில், அம்போன், செராம் பகுதிகளிலிருந்து சென்றதால் 'அம்போய்னா' என்று பெயர்பெற்ற கழலை அது. அம்மரம் டெரோகார்ப்பஸ் இண்டிகஸ். நம் மலைகளின் வேங்கை மரமும் அதே பேரினத்தைச் சேர்ந்ததே. வேங்கை என்னும் ஒரே சொல் தமிழில் மரத்தையும் புலியையும் குறிப்பது உரோமரின் புலி மேசையை நினைவூட்டும். ஆனால் சங்கப் புலவர்கள் புலியைக் கண்டது அறுத்த பலகையில் அன்று. பாறைமேல் உதிர்ந்த வேங்கைப் பூக்களில். மரத்தை வீழ்த்தாமலேயே அவர்கள் அந்தப் புலியைப் பார்த்தார்கள்.

கண் என்பது யாது?

மௌரெத்தானியாவில் அன்கொராரியுஸ் என்றொரு மலை இருந்தது. மிகச் சிறந்த சிட்ரஸ் மரத்தைத் தந்தது அம்மலையே என்று கூறும் பிளினி, அது இப்போது தீர்ந்துவிட்டது என்று சொல்லி அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலைச் சீற்றத்தின்போது இறந்தவர் அவர். சிசெரோவின் மேசைக்கு முந்திய மேசை எதுவும் நினைவில் இல்லை என்பதும் அவர் கூற்றே. அவ்வாறாயின் ஒரு மலையை வெறுமையாக்க ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளே போதுமாயிருந்தன.

மரம் முற்றிலும் அழிந்துவிடவில்லை. மொராக்கோவின் அட்லாண்டிக் கரையில் உள்ள எஸ்ஸவ்யிரா நகரின் பட்டறைகளில் தூயாக் கழலையைக் கடைந்து பெட்டிகளும் தட்டுகளும் செய்கிறார்கள். அந்நகரின் பழைய பகுதி 2001இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. பட்டறைக்காரர்களுக்கு அதுவே பிழைப்பு. கழலையோ இன்றும் மண்ணைத் தோண்டியே எடுக்கப்படுகிறது.

இங்கேதான் பிளினி ஒன்றைத் தவறவிட்டார். கழலை மரத்தின் நோய்க்குறை என்றார் அவர். இம்மரத்தைப் பொறுத்தவரை அது நோயன்று. ஊசியிலை மரங்களுள் பெரும்பாலானவை வெட்டினால் மீண்டும் துளிர்ப்பதில்லை, இது துளிர்க்கும். காட்டுத்தீ தண்டைக் கருக்கினாலும், ஆடுகள் தளிரைக் கடித்தாலும், கோடரி வீழ்த்தினாலும், மண்ணுக்குள் பாதுகாப்பாக இருக்கும் அடிக்கழலையிலிருந்து புதிய கிளைகள் எழும். அங்கே உறங்கும் மொட்டுகள் அதற்காகச் சேமிக்கப்பட்டவை. தண்டை வெட்டுபவன் மரத்தை வெட்டுகிறான். கழலையைத் தோண்டுபவன் அது திரும்பி வரும் வழியையும் சேர்த்து எடுத்துவிடுகிறான். மலை தீர்ந்துபோனதற்குக் காரணம் இதுவே எனக் கொள்வது தவறாகாது.

ஆகவே மேசைப்பரப்பில் மயில்தோகையாக மின்னிய ஒவ்வொரு கண்ணும் ஒரு மொட்டு. முளைக்கவேண்டிய நாளில் முளைப்பதற்காகக் காத்திருந்தது. அக்கண்களை முழுமையாக வெளிப்படுத்தும் திசையில் ரம்பத்தைச் செலுத்தியவனின் திறமை மெய்யானது. அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அத்திறமை விலையாகக் கேட்டது எது என்பதையும் அறிந்து நோக்கும்போதுதான், 'மரம்' என்பதைக் குறையாக எண்ணியவர்களின் மேசை நமக்கு முழுமையாகத் தெரிகிறது.